ஜெர்மனில் ஒழுங்கற்ற வினைகளின் இறந்தகாலத்தை எப்படி அமைப்பது?

சாதாரண வினைக்கு ‘டெ’ சேர்த்தால் போதும்: ஸாகென் (சொல்), ஸாக்டெ. ஒழுங்கற்றவற்றில் பெரும்பாலும் ‘டெ’ வராது, உள்ளே இருக்கும் உயிரொலிதான் மாறும். பாடு என்பதற்கான ஸிங்கென், இறந்தகாலத்தில் ஸங், மூன்றாம் வடிவத்தில் கெஸுங்கென் ஆகும். இ, அ, உ. ட்ரிங்கென் (குடி), ஃபிண்டென் (கண்டுபிடி) இரண்டும் அதே தடத்தில் போகும். ஷ்ரைபென் (எழுது), ப்ளைபென் (தங்கு) என்றால் ஷ்ரீப், ப்ளீப். அதனால் அகரவரிசைப் பட்டியலை ஓரம் வையுங்கள். குடும்பம் குடும்பமாக, மூன்று வடிவங்களையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள்.

பிரிங்கென் (கொண்டுவா) மட்டும் ஏமாற்றும். ஸிங்கென் போலவே இருக்கும், ஆனால் ப்ரஹ்டெ ஆகிவிடும். உயிரும் மாறும், ‘டெ’யும் வரும். டெங்கென் (நினை), டஹ்டெ என்பதும் அப்படித்தான்.

அப்புறம், பேச்சில் பெரும்பாலும் ஹாபென் (வைத்திரு) அல்லது ஸைன் (இரு) என்ற துணைவினையோடு மூன்றாம் வடிவம்தான் வரும். வார் (இருந்தது), ஹட்டெ (வைத்திருந்தது) இரண்டும் பேச்சிலும் அப்படியே புழங்கும், அவற்றை முதலில் படியுங்கள்.