மார்பின் கொடுத்தால் அம்மா அடிமையாகிவிடுவாரா? டாக்டரே ஏன் தயங்குகிறார்?

புற்றுநோய் வலிக்கு, அபினிலிருந்து எடுக்கிற வலி மருந்தான மார்பினை அளவு பார்த்து, கண்காணிப்போடு கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம். பாலியேட்டிவ் கேர் (கடும் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை) பிரிவில் வேலை செய்யும் செவிலியராகச் சொல்கிறேன், டாக்டர் தயங்குவது மனமில்லாமல் இல்லை. வலியையும் போதைப் பழக்கத்தையும் சேர்த்து வைத்து யாரும் அவருக்குப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் நர்சிங் படிப்பிலும் மார்பின் என்றாலே மூச்சு நின்றுவிடும், பூட்டி வை, கணக்கு எழுது, அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபோது, மார்பின் வாங்கி வைக்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன, தவறினால் சிறை, அதனால் பெரும்பாலான இடங்களில் வாங்குவதையே விட்டுவிட்டார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபின் விளைகிற நாட்டில், மார்பின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து முடித்தார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள், 2019-இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் பாலியேட்டிவ் கேரும் சேர்ந்தது. ஆனால் இன்று வார்டில் முடிவெடுக்கிற சீனியர்கள் அதற்கு முன்பே படித்தவர்கள்.

சொல்லித்தராததால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாத்திரை வடிவ சாதாரண மார்பின் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிவிட்டால், நோயாளி பாதி நேரம் வலியில் துடிப்பார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், சிஸ்டர் அடுத்த மாத்திரை எப்போது என்று கேட்பார். உடனே வார்டில் "பழகிட்டாரு" என்று பேச்சு வரும். அவருக்கு டோஸ்தான் போதவில்லை! அதேபோல, பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நடுக்கம் எல்லாம் வரும், அது உடம்பு மருந்துக்குப் பழகியதன் விளைவு, படிப்படியாகக் குறைத்தால் தவிர்க்கலாம். தனக்குக் கெடுதல் என்று தெரிந்தும், வேலை குடும்பம் எல்லாம் போனாலும் விட முடியாமல் தேடி ஓடுவதுதான் போதை அடிமைத்தனம். இந்த வித்தியாசம் நோயாளி பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக "பயமே வேண்டாம்" என்று சொல்லித்தருவதும் ஆபத்து, அமெரிக்காவில் அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகளைப் பற்றி 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சின்னக் கடிதத்தை ஆதாரமாகக் காட்டி, மருந்து கம்பெனிகள் மாதக்கணக்கில் வீட்டில் சாப்பிட்டாலும் அடிமையாக மாட்டார்கள் என்று டாக்டர்களை நம்ப வைத்தார்கள். 1996-இல் மார்பின் வகையைச் சேர்ந்த ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரை வந்தது, முதுகுவலிக்கெல்லாம் எழுதினார்கள், குடும்பம் குடும்பமாக அழிந்தது. இப்போது அங்கே இந்த வகை மருந்து எழுதும் உரிமம் வைத்திருப்பவர்கள் போதைப் பழக்கம் பற்றி 8 மணி நேரப் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று 2023-இலிருந்து கட்டாயம். நம் ஊரிலும் டாபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிற பையன்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பையன் கால் உடைந்து வந்தால் அவனுக்கும் வலிக்கும்தானே, அவனை "நடிக்கிறான்" என்று ஒதுக்காமல் எப்படிப் பாதுகாப்பாக மருந்து கொடுப்பது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் தயங்கினால் சண்டை போடாதீர்கள், பக்கத்தில் உள்ள பாலியேட்டிவ் கேர் மையத்துக்கு எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். மார்பின் ஆரம்பித்தால் மலச்சிக்கலுக்கான மாத்திரையும் முதல் நாளிலிருந்தே வேண்டும், ஏனென்றால் வாந்தி சில நாளில் சரியாகும், மலச்சிக்கல் தானாகப் போகாது. அளவுக்கு மீறிய தூக்கம், குழப்பம், மூச்சு மெதுவாவது தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அப்புறம், மாத்திரையை வீட்டில் பூட்டி வையுங்கள், மீந்தால் வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.