கடைக்கு மல்டிமீட்டரோடு போங்கள்

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன். பழைய கார்புரேட்டர் மாருதி 800-ஐ நானே ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தனியாக புரோகிராம் செய்யும் ஈசியு (எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று முடிவு செய்யும் என்ஜின் கம்ப்யூட்டர்) வாங்கிவிட்டேன். டெம்பரேச்சர் சென்சார் கேட்டால், மதுரைக் கடையில் “எல்லாம் ஒண்ணுதான் தம்பி” என்கிறார்கள். விலை குறைந்ததையே வாங்கலாமா? என்ஜினுக்குள் போகும் காற்றுக்கும், கூலன்ட்டுக்கும் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஒரே மாதிரி போட்டால் போதுமா?

பதில்: எல்லாம் ஒன்றில்லை தம்பி. பார்க்க ஒன்று போல இருக்கும், அதுதான் தொல்லை.

இந்த சென்சார்களுக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை, அதாவது ஓம், குறையும் தெர்மிஸ்டர். எத்தனை டிகிரிக்கு எத்தனை ஓம் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பாஷ் ரகம் 20 டிகிரியில் 2,500 ஓம், ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) ரகம் அதே சூட்டில் சுமார் 3,500 ஓம். ஆனால் 100 டிகிரியில் முன்னது 186, பின்னது 177. வித்தியாசமே தெரியாது. அதனால் ஈசியுவில் பாஷ் கணக்கைப் போட்டு ஜி.எம். சென்சாரை மாட்டினால், சூடான வண்டி ஒழுங்காக ஓடும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் 20 டிகிரியை 12 என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். நீங்களோ கோளாறு பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரில் என்று நினைத்து, அதைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருப்பீர்கள்!

நம்ம ஊர் வெயிலுக்கு, கடையின் உள்சூடு 35 டிகிரி என்று வையுங்கள். இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் பாஷ் ரகம் ஏறக்குறைய 1,400 ஓம் காட்ட வேண்டும், ஜி.எம். ரகம் 1,800. வீட்டுக்கு வந்ததும் ஐஸ் தண்ணீரில் ஒரு முறை, கொதிக்கும் தண்ணீரில் ஒரு முறை அளந்து, அந்த எண்களையே ஈசியுவில் ஏற்றிவிடுங்கள். அப்படிச் செய்தால் விலை குறைந்ததும் பாதகமில்லை. பெட்டியில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பதை நான் பெரிதாக நம்புவதில்லை.

கூலன்ட்டுக்கு இரண்டு ஒயர் உள்ளதையே கேளுங்கள். ஒற்றை ஒயர் என்றால் அது டேஷ்போர்டு மீட்டருக்கானது, என்ஜின் பாடி வழியாக எர்த் ஆவது. ஒரு தடவை என்னிடமும் அதைத் தள்ளிவிட்டார்கள். ரீடிங் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது ஒயர் பாடிக்குப் போகாமல் ஈசியுவின் சென்சார் கிரவுண்டுக்கே போகட்டும். மரையையும் பார்த்து வாங்குங்கள்: பாஷில் பெரும்பாலும் 12 மி.மீ., ஜி.எம்.மில் கூம்பு மரை.

காற்றுக்கு அதையே போடக் கூடாது. பித்தளைக் கூட்டுக்குள் அடைத்தது சூடு மாறினால் தாமதமாகத்தான் உணரும். முனை திறந்து, உள்ளே இருக்கும் சின்ன தெர்மிஸ்டர் மணி வெளியே தெரியும் ரகம் வேண்டும். அதையும் என்ஜினோடு ஒட்டிய அலுமினிய மேனிஃபோல்டில் (காற்று என்ஜினுக்குள் போகும் குழாய்) குத்தினால் காற்றை விட்டுவிட்டு உலோகத்தின் சூட்டைத்தான் சொல்லும். சிக்னலில் நின்று கிளம்பும்போது தடுமாறுவதற்குப் பல வண்டிகளில் இதுதான் காரணம். ஏர் ஃபில்டருக்கு அடுத்த குழாயில் ரப்பர் கிராமெட் (துளைக்குள் பொருந்தும் வளையம்) வைத்துச் செருகுங்கள். பத்து டிகிரி தவறாகச் சொன்னால் பெட்ரோல் கணக்கு 3 சதவீதம் தவறும்.

அப்புறம் பில். அதில் பார்ட் நம்பரை எழுதச் சொல்லுங்கள். ஓம் ஒத்துவராமல் திருப்பப் போகும்போது கையில் இருக்கப்போவது அதுதான். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.