பேஸ்பால் ரூக்கி, பிராஸ்பெக்ட் கார்டுகள் சேகரிக்க ஆசை. உள்ளே யார் கார்டு இருக்கும் என்று தெரியாத மூடிய பாக்ஸ் வாங்கி உடைக்கலாமா?

வேண்டாம். தனிக் கார்டாக வாங்குங்கள். அதுவும், ஆட்டத்தை நீங்கள் தொடர்ந்து பார்க்கப்போகிற ஒரு பையனின் கார்டாக இருக்கட்டும். அமெரிக்காவுக்கு வந்த பிறகு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டவன் நான். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

ரூக்கி கார்டு வேறு, பிராஸ்பெக்ட் கார்டு வேறு. 2006 முதல், உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு வந்துவிட்ட வீரரின் கார்டில்தான் ‘ஆர்சி’ (ரூக்கி கார்டு) முத்திரை போடுகிறார்கள். அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீகில் ஆடும் பையன்களுக்கு டாப்ஸ் நிறுவனம் ‘போமன்’ என்ற பெயரில் கார்டு போடுகிறது; அதுதான் பிராஸ்பெக்ட் கார்டு. ஒருவர் அதில் முதல் தடவை வரும்போது வெளியாவதுதான் ‘ஃபர்ஸ்ட் போமன்’. ரூக்கி கார்டைவிட இதைத்தான் பலர் உசத்தியாக நினைக்கிறார்கள். பளபளக்கும் குரோம் கார்டில் வீரரின் கையெழுத்தும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நட்சத்திர வீரர் மைக் ட்ரவுட்டின் ரூக்கி கார்டு 2011 டாப்ஸ் அப்டேட்டில் வந்தது. ஆனால் 2020 ஆகஸ்டில் 39 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது அது இல்லை. 2009 போமன் குரோமில் கையெழுத்தோடு வந்த, உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி உள்ள சூப்பர்ஃப்ராக்டர் கார்டு. இந்தத் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் பலர் பாக்ஸ் பாக்ஸாக உடைக்கிறார்கள். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் 2009 டிராஃப்டில் ட்ரவுட் 25-ஆவது தேர்வு. அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணியே, அதற்கு முந்தின 24-ஆவது தேர்வில் ராண்டல் கிரிச்சக்கைத்தான் எடுத்தது. பள்ளி மைதானம் மைதானமாக அலைந்து திறமை தேடும் ஸ்கவுட்டுகளுக்கே அவ்வளவுதான் பிடிபட்டது என்றால், பாக்கெட் பிரிக்கும் நமக்கு?

அப்புறம் பிரையன் டெய்லர். 1991 டிராஃப்டின் முதல் தேர்வு. யாங்கீஸ் அணி 15.5 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்த இடதுகை பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள்பட்டை போயிற்று. மேஜர் லீகில் ஒரு பந்துகூட வீசாமலே அவர் வாழ்க்கை முடிந்தது. பிட்சர்களின் பிராஸ்பெக்ட் கார்டில் நான் பெரிய பணம் போடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பிட்சர் 2010 ஜூனில் தன் முதல் ஆட்டத்திலேயே 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அதே வருஷம் முழங்கையில் அறுவை சிகிச்சை. அவர் மீண்டு வந்து 2019 வேர்ல்டு சீரிஸின் (இறுதித் தொடரின்) சிறந்த வீரர் ஆனது எனக்கு இன்றும் சந்தோஷம். ஆனால் எல்லாக் கையும் அப்படித் திரும்பி வருவதில்லை.

கார்டைக் கையில் வாங்கும்போது விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குரோம் பரப்பில் முடி போல ஒரு அச்சுக்கோடு ஓடினால் அது அப்போதுதான் தெரியும். நாலு மூலையையும் பாருங்கள், ஓரங்கள் இரண்டு பக்கமும் ஒரே அகலமா என்றும் பாருங்கள். கார்டின் நிலையைச் சோதித்துத் தரம் போடுகிறவர்கள் பார்ப்பதும் இவற்றைத்தான்.

எனக்கு இதில் ருசியே மைனர் லீக் மைதானங்களில்தான். டிக்கெட் மலிவு. ஆட்டத்துக்கு முன்னால் வேலியோரம் நின்றால், நாளைக்கு யாராக வருவான் என்று எவருக்கும் தெரியாத ஒரு பையன் நின்று கையெழுத்துப் போட்டுத் தருவான். குரோம் கார்டின் வழவழப்பில் மை ஒட்டாமல் வழுக்கும். வீட்டிலேயே கொஞ்சம் பேபி பவுடர் தடவித் துடைத்து எடுத்துப் போங்கள், கோடு விடாமல் விழும். பேனா நீல ஷார்ப்பி மார்க்கராக இருக்கட்டும்.

ஆகவே, பாக்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆடும் அணியிலிருந்து இரண்டு மூன்று பேரின் சாதாரண ஃபர்ஸ்ட் போமன் குரோம் கார்டுகளை வாங்குங்கள். கையெழுத்தில்லாத அவை பெரும்பாலும் சில டாலர்களுக்கே கிடைக்கும். மிச்சத்தில் டிக்கெட் எடுங்கள்.