குளத்தில் நீந்தியவர்களின் பேத்திகள்

அன்புள்ள அண்ணா,

வெட்டூர்ணிமடத்திலிருந்து எழுதுகிறேன். வயது 34. இரண்டு பெண் பிள்ளைகள். நாகர்கோவில் நகரத்துக்கு நடுவே, குறைந்த கட்டணத்தில், திறந்தவெளியில் ஒரு பொது நீச்சல்குளம் வேண்டும் என்று நாங்கள் சிலர் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டதிலிருந்து மூன்று நாளாகச் சண்டை. ‘குளமும் ஆறும் கடலும் கிடக்கிற ஊரில் சிமெண்ட் தொட்டி எதற்கு’ என்கிறார் என் அப்பா. ‘முதல்ல சாக்கடையைச் சரியாக்கட்டும், குடிக்கத் தண்ணி தரட்டும், பொறவு நீந்தலாம்’ என்று சிலர். ‘கண்டவனும் இறங்குற தண்ணியில நம்ம பிள்ளைகள விட முடியுமா’ என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. என் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பது பணக்கார ஆசையா? மனுவின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஜே.

*

அன்புள்ள ஜே.,

உங்கள் அப்பாவுக்கு நீச்சல் தெரியும் என்று நினைக்கிறேன். ‘குளம்தான் கிடக்கிறதே’ என்று சொல்கிற ஆண்களில் நீந்தத் தெரியாத ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. பத்து வயதில் மடைமேல் ஏறி நின்று குதித்தவர்கள். அந்தக் குளம் அதே தண்ணீரோடு இன்னும் அங்கேயே கிடப்பதாக அவர்களுக்கு நினைப்பு.

உங்கள் பாட்டிக்கும் தெரிந்திருக்கும். இருக்கிறார்கள் என்றால் கேட்டுப் பாருங்கள்.

என் அம்மாவுக்கு 78 வயது. தோவாளைப் பக்கத்துக்காரி. அவள் ஊர்க்குளத்தில் பெண்களுக்குத் தனிப் படித்துறை இருந்தது. ஆண்கள் துறைக்கும் அதற்கும் நடுவில் கைதைப் புதர். இரண்டு நெற்றுத் தேங்காய்களை எடுத்து, மட்டையைக் கொஞ்சம் கிழித்து, ஒன்றோடொன்று முடிந்துவிடுவார்களாம். முடிச்சு நெஞ்சுக்குக் கீழே வரும், காய்கள் இரண்டு பக்கமும் மிதக்கும். ஒரு வாரம் அப்படி. அதன்பின் தேங்காய் வீட்டுக்குப் போய்விடும், துவையலுக்கு. அடுத்த பாடம் பாவாடை. படியிலிருந்து குதிக்கும்போது உள்ளே காற்று அடைபட்டு அது பந்துபோல உப்பும். ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தால் கொஞ்ச தூரம் போகலாம். ‘காத்து போனதும் முங்குவோம். அதுக்குள்ள நீச்சல் வந்திரும்’ என்பாள். அவளுக்கு எதிர்க்கரை வரை போய்த் தாமரை பறித்து வரத் தெரியும்.

என் தங்கைக்கு நீச்சல் தெரியாது. இடையில் நடந்தது இவ்வளவுதான்: வீட்டில் கிணற்றுக்கு மோட்டார் வைத்தார்கள், குளியலறை கட்டினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தி சாய்ந்தபின் ஈரத்துணியோடு குளத்திலிருந்து நடந்து வந்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் குளியல் வீட்டுக்குள் வந்தபோது நீச்சல் கூட வரவில்லை. பையன்கள் அதன் பிறகும் சைக்கிளை மிதித்துக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் போகவில்லை, போகவிடவும் இல்லை. ஒரே தலைமுறையில், சத்தமே இல்லாமல், ஒரு மாவட்டத்துப் பெண்களுக்கு நீச்சல் மறந்துபோயிற்று. குளத்தில் ஒரு பெண் பிள்ளை இறங்கி நீந்துவதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். உங்கள் ஆசை பணக்கார ஆசையா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். உங்கள் பாட்டிக்குக் காசில்லாமல் கிடைத்ததை உங்கள் மகள்களுக்குக் கேட்கிறீர்கள்.

ஆறும் கடலும் பற்றி. குழித்துறை ஆற்றில் மணல் அள்ளிய இடங்களில் எங்கே ஆழமான கயம் என்று உள்ளூர்க்காரனே சொல்லமுடியாது. திற்பரப்பு அருவியில் தலையை நனைக்கலாம், நீந்தப் படிக்க முடியாது. கடலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். அன்றைக்குக் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை இருந்தது. எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயல்காற்று கிளப்பிவிட்ட அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடனைப்போல வந்து கரையேறும். மீனவர்கள் வைத்த பெயர், அறிவியல்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். நன்றாக நீந்துகிறவனையும் அது இழுக்கும், ஆகவே நீச்சல் தெரிந்தால் கடலில் பிழைக்கலாம் என்று மனுவில் எழுதாதீர்கள். தண்ணீரில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர்மேல் ஒரு பயம் இருக்கும், அந்தப் பயம் போதும். தெரியாதவனுக்குத்தான் முட்டளவு தண்ணீர் விளையாட்டாகத் தெரியும்.

குளத்தைச் சுத்தம் செய்தால் போதுமே என்கிறார்கள். செய்யத்தான் வேண்டும். பாரிஸில் சேன் ஆற்றில் நீந்த 1923இல் தடை போட்டார்கள். ஏறக்குறைய 140 கோடி யூரோ செலவழித்து 2025 ஜூலையில்தான் மக்களை மறுபடி இறங்கவிட்டார்கள். இன்றைக்கும் கனமழை பெய்தால் சாக்கடை கலந்துவிடும் என்று மூடுகிறார்கள். ‘சாக்கடை முதலில்’ என்கிற உங்கள் தெருக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, குளத்தைக் கெடுத்ததே அந்தச் சாக்கடைதான். ஆனால் அது முடிகிறவரை உங்கள் பிள்ளைகள் பத்து வயதிலேயே நிற்கமாட்டார்கள். அதோடு 2024லிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் வேறு. குடித்தால் வராது, மூக்கு வழியாகத்தான் ஏறும். அதாவது சரியாக முங்குகிற பிள்ளைக்கு. குளோரினை ஒழுங்காகப் போட்டு வைத்த தண்ணீரில் அந்தக் கிருமி தங்காது.

தண்ணீர்ச் செலவைப் பற்றிக் குழுவில் பெரிய எண்கள் பறந்திருக்கும். ஒலிம்பிக் அளவுக்குக் கட்டினால் 25 லட்சம் லிட்டர். அதைக் கேட்காதீர்கள், போட்டிக்காரர்களுக்கானது அது. 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் நாலேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நம் கணக்கில் சொன்னால், பத்து சென்ட் வயலில் கன்னிப்பூ நெல் ஒரு போகம் விளைவிக்கிற தண்ணீர் அது. ஒருமுறை நிரப்பினால் தினமும் கொட்ட வேண்டியதில்லை, வடிகட்டிச் சுற்றவிடுவார்கள். வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஆயிரத்தைந்நூறு லிட்டர் சொச்சம் போகும். வடிகட்டியைக் கழுவுவதற்குத் தனியாகக் கொஞ்சம். நகரத்துக்குக் குடிநீர் தருகிற முக்கடல் அணை வற்றுகிற கோடையில் இது யாருக்கும் உறுத்தும்தான். ஏப்ரல், மே மாதங்களில் குடிநீர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டும் எடுக்கமாட்டோம் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் என்பது சிக்கல். அந்த இரண்டு மாதத்துக்காக மழைநீர்த் தொட்டி ஒன்று சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, அதை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இனி அந்தப் பதினொரு கட்டைவிரல்.

‘கண்டவன்’ என்று அவர் எழுதியது யாரை என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரத்தில், பூங்காக்களைக் கறுப்பர்களுக்கும் திறக்கவேண்டும் என்று வழக்குத் தொடர்ந்ததும் 1959இல் நகரசபை எல்லாப் பூங்காவையும் பூட்டியது. அங்கிருந்த நீச்சல்குளத்தை மண்போட்டு மூடினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று செய்த வேலை. இங்கே, அன்றைய திருவிதாங்கூரில், 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை எத்தனையோ கோயில் குளங்களின் பக்கம்கூடப் பாதிப் பேர் போகமுடியாது. அதற்கும் பல ஆண்டு முன்னால் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதிக்காரர்களையும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். முத்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது, வெட்டூர்ணிமடத்திலிருந்து ஒரு பஸ் தூரம். அந்தப் பதினொரு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போய்வாருங்கள்.

(அம்மாவின் குளத்திலும் எல்லோருக்கும் துறை இருந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அவியளுக்கு அந்தால மறுகால் பக்கம்’ என்றாள். மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற இடம் அது. ஆகவே பழைய குளத்தை நான் ரொம்பவும் கொண்டாடவில்லை.)

எனக்கு இருக்கிற பயம் வேறு. கட்டுவார்கள், திறப்புவிழா நடக்கும், கல்வெட்டு இருக்கும். அதன்பின்? குளம் கெட்டுப்போகப் பல வருடம் எடுக்கும். நீச்சல்குளத்துக்கு மூன்று நாள் போதும். திறந்தவெளியில் வெயில் குளோரினைத் தின்றுவிடும், அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மருந்து கலக்க வேண்டும், அதுவும் கூடிவிட்டால் குளோரின் வேலை செய்யாது. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் நிற்கிறதா என்று பகலில் பலமுறை சோதிக்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கிற, போனைப் பார்க்காத, உயிர்காக்கிற ஆள் வேண்டும்.

என் மகளை நான் நகரத்தில் ஒரு தனியார் குளத்தில் சேர்த்தேன். பெயர் வேண்டாம். முதல் நாளே மூக்கில் ஏறுகிற நெடி. மருந்து நிறையப் போட்டிருக்கிறோம் சார், சுத்தம் என்றார் அங்கிருந்தவர். அந்த நெடி குளோரினுடையது இல்லை. வேர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து கிளம்புவது. குளிக்காமல் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். நம் ஊரில் குளத்தில் இறங்கியே குளித்தவர்களிடம், குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கு என்று சொல்லிப் புரியவைக்க ஒரு தலைமுறை ஆகலாம். நாலாம் நாள் அடி தெரியவில்லை, தண்ணீர் இளம்பச்சை. அடி தெரியாத குளத்தில் பிள்ளை மூழ்கினாலும் தெரியாது. மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டிய பணம் போயிற்று. அங்கே பெண்களுக்கு என்று ஒதுக்கிய நேரம் எது தெரியுமா? பகல் 12 முதல் 1. உச்சி வெயிலில், பள்ளிக்கூடமும் ஆபீஸும் நடக்கிற நேரத்தில். பெண்கள் யாரும் வருவதில்லை சார், அதனால அந்த நேரத்தையும் எடுத்துரலாம்னு இருக்கோம் என்றார் அதே ஆள்.

நகரத்துக்கு நடுவே என்று கேட்டிருக்கிறீர்கள், அதில் பிடிவாதமாக இருங்கள். புறவழிச்சாலை ஓரத்தில் இடம் காட்டுவார்கள். அங்கே அப்பா பைக்கில் கொண்டுவிட்டால்தான் பெண் பிள்ளை போகமுடியும். வடசேரியிலோ மீனாட்சிபுரத்திலோ பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் வேண்டும். குளம் எதையும் தூர்த்து வேண்டாம், காய்ந்து கிடப்பதாக இருந்தாலும். செட்டிகுளம் சந்திப்பில் நிற்கிற யாருக்கும் இப்போது குளம் ஞாபகம் வருவதில்லை, இன்னொரு பெயர் அப்படி ஆகவேண்டாம். நடுநகரம் என்றால் சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் இருக்கும், ஆகவே உயரமான மதிலும் பாதிக்காவது கூரையும் கேளுங்கள். முழுக்கத் திறந்தவெளி என்பது உங்கள் மனுவில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆழம் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். ‘அதுல என்ன மக்கா முங்க?’ என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போடுவாள், வாருங்கள்.

வருமுன் மனுவில் ஐந்தாவது வரியைத் திருத்திவிடுங்கள். ‘பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும்’ என்று மட்டும் இருக்கிறது. அப்படி விட்டால் பகல் 12 மணியைத் தருவார்கள். மாலை 5 முதல் 7 வரை, வாரத்தில் மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிறு என்று எழுதுங்கள்.