அண்ணா அனுப்பிய மெலட்டோனின் குளிசை

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அப்பா இறந்து எட்டு மாதமாகிறது. அம்மா விடிய மூன்று மணிக்கே எழும்பிக் கட்டிலில் இருக்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது, கோயிலுக்கும் வருவதில்லை. கனடாவிலிருந்து அண்ணா மெலட்டோனின் அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? மனமும் தெளியுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அந்தப் போத்தல் இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

இருட்டியதும் மூளையில் உள்ள ஒரு சின்னச் சுரப்பி சுரக்கும் ஹோர்மோன்தான் மெலட்டோனின். இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. வயது ஏற அது குறையும். 55 வயதைத் தாண்டியவர்களின் தூக்கமின்மைக்கு, மெதுவாகக் கரையும் 2 மில்லிகிராம் குளிசையை 2007 இல் ஐரோப்பாவில் அனுமதித்ததும் அதனால்தான். ஆனால் அது மனச்சோர்வுக்கு மருந்து இல்லை.

அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது, விடியமுன் கலைந்துவிடுகிறது. கூடவே சாப்பாடும் கோயிலும் விட்டுப்போயிருக்கின்றன. இவையெல்லாம் சேர்ந்து வந்தால் மனச்சோர்வா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். "வயசு போனா இப்படித்தான்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை தாய்மாரை நாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்! எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. எழுபது வயதிலும் மனச்சோர்வைக் குணமாக்கலாம்.

இந்தக் கிழமையே உங்கள் குடும்ப டொக்டரிடம் கூட்டிப்போங்கள். அம்மா எடுக்கிற குளிசை எல்லாவற்றையும், அண்ணா அனுப்பியதையும் சேர்த்து, ஒரு பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர் என்றால் மெலட்டோனினைத் தானாகத் தொடங்கவே கூடாது. பிரஷருக்குக் கொடுக்கும் அட்டெனலோல் போன்றவை உடம்பில் மெலட்டோனின் சுரப்பதையே குறைக்கும். தைரொயிட், பி12 இரண்டையும் சோதிக்கலாமா என்று கேளுங்கள். இன்னொன்று, கனடாவில் 31 மெலட்டோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் லேபலில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை.

காலையில் மரைன் டிரைவ் பக்கம் அரை மணித்தியாலம் நடக்கக் கூட்டிப்போங்கள். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சீராக்க உதவும். இரவில் டீவியும் போனும் வெள்ளனவே ஓயட்டும்.

"இனி இருந்தென்ன" என்ற மாதிரி அம்மா ஏதும் கதைத்தால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். இரவென்றால் 1926 க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

அப்புறம், மூன்று மணிக்கு அம்மா எழும்பும்போது ஒரு நாளாவது பக்கத்தில் போய் இருங்கள். "அப்பாவை நினைச்சீங்களா அம்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை எழும்பாதீர்கள்.