ரொட்டி விலையிலிருந்து தொடங்கும் பாடம்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களையும் விளைவுகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்களே தவிர, புரிந்துகொள்வதில்லை. எப்படிக் கற்பிப்பது?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: பசுந்தேயிலை விலை சரிந்தால் வீட்டில் எந்தச் செலவு முதலில் நிற்கும் என்பதை அறிந்த உங்கள் மாணவர்களுக்கு, 1788-இல் ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்ததும், மறு ஆண்டு அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு மன்னரின் அரண்மனை இருந்த வெர்சாய்க்கு நடந்ததும் எளிதில் விளங்கும். ஆயினும் பசி மட்டுமே புரட்சியாகிவிடாது; அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் பெருகிய அரசின் கடனையும், பிரபுக்களும் மதகுருமார்களும் அனுபவித்த வரிச்சலுகைகளையும் சேர்த்தே காட்ட வேண்டும். விளைவுகளை நேர்க்கோடாகச் சொல்லாதீர்கள்: பிரெஞ்சுக் காலனிகளில் 1794-இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையை 1802-இல் நெப்போலியன் மீண்டும் கொண்டுவந்தார், அக்காலனிகளில் ஒன்றான ஹைட்டியோ போராடி 1804-இல் விடுதலை பெற்றது.