தமனி விறைப்பை அளக்கும் கருவிகள்: கேள்விகளும் பதில்களும்

கானாடுகாத்தானில் சென்ற மாதம் நடந்த மருத்துவ முகாமில், விரலில் கிளிப்பை மாட்டிவிட்டு "உங்கள் ரத்தக்குழாயின் வயது இது" என்று சீட்டு கொடுத்தார்கள். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயான தமனி எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை வைத்துச் சொல்லும் வயது அது. அந்தச் சீட்டோடு சுற்றுவட்டாரத்திலிருந்து பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. மருத்துவக் கருவிகளைச் சரிபார்ப்பது 15 ஆண்டுகளாக என் வேலை.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஊசி குத்தாமல் தமனி விறைத்திருப்பது எப்படித் தெரியும்?

ஐயா, இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் தமனி வழியே ஓர் அலை கிளம்புகிறது. சுவர் நெகிழ்வாக இருந்தால் அலை மெதுவாகப் போகும். விறைத்திருந்தால் விரைந்து ஓடும். கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பிடித்து, இடைப்பட்ட தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். இளவயதில் நொடிக்கு 5, 6 மீட்டர் இருக்கும். 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது 2012-இல் ஐரோப்பிய நிபுணர்கள் ஒப்புக்கொண்ட அளவு. ரத்தம் அந்த வேகத்தில் ஓடுவதில்லை, அலைதான் ஓடுகிறது.

பள்ளத்தூர், செவிலியர்: அந்த முறையே நன்றாக இருக்கும்போது புதிய கருவி எதற்கு?

முகாமில் ஒருநாள் செய்து பாருங்கள், சகோதரி. சேலையைத் தளர்த்தச் சொன்னதும் வயதான ஆச்சி கூச்சத்தில் உடலைக் குறுக்கிக்கொள்வார். பேனா போன்ற உணர்கருவியின் நுனியிலிருந்து நாடி நழுவிவிடும். வயிறு பெருத்தவருக்கு டேப் வயிற்றின்மேல் வளைந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். இதனால்தான் கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அளக்கும் முறை ஜப்பானில் பரவியது. சென்னை ஐஐடியில் உருவான ஆர்ட்சென்ஸ், கழுத்துத் தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு விரிகிறது என்பதைப் படம் எடுக்காமலே அல்ட்ராசவுண்டால் அளக்கிறது. இத்தகைய கருவிகள் நம் ஊர்களுக்கு வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். சோதித்த பிறகு வரட்டும்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: எப்படிச் சோதிப்பீர்கள்?

நல்ல கேள்வி, அம்மா. ஒரே ஆளை, ஒரே அமர்வில், பழைய முறையிலும் புதிய கருவியிலும் மாறி மாறி அளக்க வேண்டும். 3 மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபியும் புகையும் கூடாது. அமைதியான அறையில் 10 நிமிடம் படுத்திருந்த பிறகே தொடங்க வேண்டும். 2010-இல் வெளியான சரிபார்ப்பு நெறிமுறை குறைந்தது 85 பேரைக் கேட்கிறது. இளையோர், நடுவயதினர், 60 கடந்தோர் என மூன்று பிரிவிலும் 25 பேராவது இருக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள சராசரி வித்தியாசம் நொடிக்கு 0.5 மீட்டருக்குள்ளும், அந்த வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறும் சிதறல் 0.8-க்குள்ளும் இருந்தால்தான் முதல் தரம்.

இது எவ்வளவு கடினம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மீட்டர் தூரத்தை அலை 50 மில்லிநொடியில் கடந்தால் வேகம் 10. கருவி வெறும் 5 மில்லிநொடி குறைத்துப் படித்தால் 11.1 ஆகிவிடும்.

விளம்பரங்களில் "பழைய முறையோடு 90 சதவீதத் தொடர்பு" என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். நகைக்கடைத் தராசு எப்போதும் 2 கிராம் கூட்டிக் காட்டினாலும் கனத்த சங்கிலிக்கு அதிகமும் மெல்லிய சங்கிலிக்குக் குறைவும் காட்டத்தான் செய்யும். தொடர்பு முழுமையாக இருக்கும். எடை தவறாகவே இருக்கும். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

கோட்டையூர், மளிகைக் கடைக்காரர்: எனக்கு 64 வயது. சீட்டில் குழாயின் வயது 71. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: கிளிப் மாட்டுமுன் உங்கள் வயதைக் கேட்டுத் தட்டினார்களா? விரல்கருவி ஒன்றை என் அப்பச்சிக்கு மாட்டி, அவருடைய 72 வயதைக் கொடுத்து அளந்தேன். பிறகு அதே விரலில், அதே நாற்காலியில், 45 என்று தட்டினேன். குழாய் சட்டென இளமையாகிவிட்டது! அந்தக் கருவி தமனியைவிட வயதைத்தான் அதிகம் படித்திருந்தது. வயதையும் ரத்த அழுத்தத்தையும் வாங்கி விடையை ஊகிக்கும் கருவி 85 பேர் சோதனையில்கூட ஓரளவு ஒத்துப்போய்விடலாம், ஏனென்றால் வயது கூடக்கூட விறைப்பும் பொதுவாகக் கூடுகிறது. ஒரே வயதுக்காரர்களுக்கிடையே வேறுபாட்டைக் காட்டுகிறதா என்பதை நான் தனியாகப் பார்ப்பது இதனால்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு, சீட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதுவயல், இல்லத்தரசி: ஊறுகாயையும் உப்புக்கண்டத்தையும் விட்டால் குழாய் இளகுமா?

உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் குறையும், ஆச்சி. அழுத்தம் இறங்கினாலே அலையின் வேகமும் சற்று இறங்கும். சுவர் மாறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே அளந்த நேரத்து ரத்த அழுத்தம் இல்லாத சீட்டை வைத்துப் பழைய அளவோடு ஒப்பிட முடியாது. அடுத்த முகாமில் அதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.